பேனரை இறக்கச் சொன்ன நாள்

ஸ்ரீவில்லிபுத்தூர்
கார்த்திகை 8

அன்பு மகள் சத்யப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீ அந்த ஜெர்மனிக் குளிரில் நேரத்துக்குச் சாப்பிட்டு, சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஆண்டாளைக் கும்பிட்டுக்கொண்டு ஆரம்பிக்கிறேன். தினமும் போனில் பேசுகிறவள் எதற்காகக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நீ எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறாய், பக்கத்தில் மாப்பிள்ளை இருப்பார், நான் ஒன்றைச் சொல்லி முடிப்பதற்குள் நீ அடுத்த கேள்விக்குப் போய்விடுவாய். இது பாதியில் நிறுத்தக்கூடிய சங்கதி இல்லை. அதனால் உட்கார்ந்து கடைசிவரை படி.

கல்யாண வேலை எல்லாம் நீ சொன்னபடிதான் நடக்கிறது. செண்பகத்தோப்புப் பக்கம் நம் மாந்தோப்பில் முள்ளையெல்லாம் வெட்டி இடத்தைச் சமன் பண்ணியாகிவிட்டது. மைக் செட் கிடையாது, வெடி கிடையாது என்று அப்பாவே போய் பாரஸ்ட் ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். விதை வைத்த காகிதத்தில் பத்திரிகை வந்துவிட்டது, எழுத்து கொஞ்சம் மங்கல், பரவாயில்லை. தண்ணீர் பாட்டில் இல்லாமல் எப்படிப் பந்தி நடத்துவது என்று முறைத்த சமையல்காரர் சங்கையா இப்போது செம்புக்கும் டம்ளருக்கும் அவரே ஏற்பாடு செய்கிறார். இருநூறு பேருக்கு மேல் ஒரு பெயர் சேர்க்கவில்லை. இதையெல்லாம் போனிலேயே சொல்லிவிட்டேன். உன் மாமா வேல்பாண்டியைப் பற்றி நீ இரண்டு தடவை கேட்டாய், நான் இரண்டு தடவையும் கடையில் வேலை அதிகம் என்று சொன்னேன். அது பொய். உன் மாமா மதுரை பெரியாஸ்பத்திரியில் இருபத்து நாலு நாளாகப் படுத்துக் கிடக்கிறான். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. இனி நடக்க வாய்ப்பில்லை என்று போன வாரம் டாக்டர் சொல்லிவிட்டார்.

எப்படி என்று கேட்பாய். ஐப்பசியில் மாப்பிள்ளையின் அம்மாவும் அப்பாவும் தோப்பைப் பார்க்கக் கோயம்புத்தூரிலிருந்து வந்தார்களே, அந்த ஞாயிற்றுக்கிழமை. உனக்கு டாக்டர் பட்டம் கிடைத்ததற்கு அவன் ராஜபாளையம் ரோட்டில் முப்பதடிக்கு பிளெக்ஸ் வைத்திருந்தான். நீ பத்தாவது பாஸ் பண்ணினதிலிருந்து வைக்கிறவன்தானே, தொழிலும் அதுதானே. அந்தப் படத்தை யாரோ உனக்கு அனுப்ப, நீ காலையிலேயே எனக்கு மெசேஜ் போட்டாய். மறந்திருப்பாய், என் போனில் அப்படியே இருக்கிறது. "அந்த பேனரை அவங்க பாக்கவே கூடாது. எனக்கு அசிங்கம். ஆயிரம் வருஷத்துக்கு மக்காத குப்பையில என் மூஞ்சி. இன்னைக்கே எடுக்கச் சொல்லு." நான் என்ன செய்திருக்க வேண்டும், பக்குவமாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவனுக்குப் போன் போட்டு உன் மெசேஜை ஒரு எழுத்து விடாமல் வாசித்துக் காட்டினேன். பிறகு, "பாப்பா அசிங்கம்னா சொன்னா?" என்றான். ஆமாம் என்றேன். "எடுத்துருதேங்கா. மழ ஊத்துது, ஆளும் இன்னைக்கு லீவு. செத்த நேரம் விடட்டும்" என்றான். நான்தான், "நாலு மணிக்கு அவிய வந்துருவாக. ஏத்தத் தெரிஞ்சவனுக்கு எறக்கத் தெரியாதாலே?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தேன்.

தனியாகத்தான் வந்திருக்கிறான். ஈரக் கம்பில் ஏறி ஒரு பக்கம் கயிற்றை அறுத்ததும் காற்று மொத்த பிளெக்ஸையும் தூக்கி அவன்மேலேயே அடித்திருக்கிறது. விழுந்த இடம் வாய்க்காலின் சிமெண்ட் ஓரம். எதிரே டீக்கடை வைத்திருக்கும் சேக் முகைதீன் பாய்தான் ஓடிப்போய்த் தூக்கி, ஆட்டோவில் மடியில் கிடத்திக்கொண்டு உள்ளூர் ஆஸ்பத்திரிக்குப் போனது, அங்கிருந்து அன்று ராத்திரியே மதுரைக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் எனக்குப் போன் செய்தபோது மணி மூன்றரை. நான் பட்டுச்சேலை கட்டி, பலகாரத்தை வாழையிலையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். இதை உன்னிடம் மறைக்க மாட்டேன். நான் போகவில்லை. அப்பாவை அனுப்பிவிட்டு வாசலில் நின்று சம்பந்தி வீட்டாரைச் சிரித்த முகமாய் வரவேற்றேன். உன் அப்பா எங்கே என்று அவர்கள் கேட்டதற்கு உரம் வாங்கப் போயிருக்கிறார் என்றேன். மழை விட்டதும் தோப்புக்குக் கூட்டிப் போனேன். அந்தம்மா மரத்தையெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்து, இந்த மாதிரி ஒரு குடும்பம் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றார்கள். கிளம்பும்போது, வரும் வழியில் மழை எப்படி என்று பேச்சுக்குக் கேட்டேன். கிருஷ்ணன்கோவில் வழியாக வந்தோம், அங்கே தூறல்தான் என்றார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோயம்புத்தூரிலிருந்து வருகிறவர்கள் ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கும் ராஜபாளையம் ரோட்டுக்கு எதற்கு வரப்போகிறார்கள்? போகும்போதும் அதே வழிதான். அந்த பேனரை அவர்கள் பார்த்திருக்கவே மாட்டார்கள் பிரியா. இதே ஊரில் பிறந்து வளர்ந்த உனக்கும் அது தோன்றவில்லை, முப்பது வருஷமாக இங்கே குடியிருக்கும் எனக்கும் தோன்றவில்லை. சாயங்காலம் நீ போன் போட்டு எடுத்தாச்சா என்று கேட்டாய். எடுத்தாச்சு என்றேன். தேங்க்ஸ்மா என்று சிரித்தாய்.

மறுநாள் அவனைப் பார்க்கப் போனேன். முழுசாக எறங்கிருச்சாக்கா என்றுதான் முதலில் கேட்டான். ஒரு பக்கம் அறுந்து தொங்கியதை அப்பா போய் அறுத்துப் போட்டதைச் சொன்னேன். சம்பந்தி வந்த வழியை மட்டும் சொல்லவில்லை. பாப்பாவிடம் சொல்லாதே, கல்யாணம் நின்று போகும் என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினான். அந்தச் சத்தியத்தை இந்தக் கடிதத்தில் மீறுகிறேன். அதன்பிறகு நீ சாப்பாட்டு மிச்சத்தை உரமாக்குவதைப் பற்றிப் பேசிய அன்றும், கை துடைக்கக் காகிதம் வேண்டாம் துணி போதும் என்று அரை மணி நேரம் விளக்கிய அன்றும் நான் ஆஸ்பத்திரி வராண்டாவில்தான் நின்றிருந்தேன். உள்ளே உன் அத்தை ஆனந்தவல்லி அவனைப் புரட்டிப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் நான் போனை வைத்துவிட்டு உள்ளே போனதும் அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "ஒங்க மக கல்யாணம் சுத்தமா நடக்கட்டும் மதினி. எம் புருசன் குப்ப. அதை நான் பாத்துக்கிடுதேன், நீங்க இங்கன வராதீக" என்றாள். சத்தம் போடவில்லை, அழவில்லை. நான் அதற்குப் பிறகு போகவில்லை. அப்பா மட்டும் போய் வருகிறார்.

கல்யாணத்தை ஒரு வருஷம் தள்ளி வைக்கலாம் என்கிறார் அப்பா. நான் கூடாது என்றேன். தள்ளி வைத்தால் நீ அங்கே உட்கார்ந்து அழுவாய், மாப்பிள்ளை தேற்றுவார், நாலு மாதத்தில் சரியாகிவிடும். அந்தச் சலுகையை உனக்குக் கொடுக்க எனக்கு மனசில்லை. தை மாதம் குறித்த நாளில், நீ ஆசைப்பட்டபடி ஒரு பிளாஸ்டிக் டம்ளர்கூட இல்லாமல் நடக்கும், நான் நடத்திக் காட்டுவேன். தாய்மாமன் மாலை போட வேண்டிய இடத்தில் யாரும் நிற்க மாட்டார்கள். வேறு ஒருவரை நிறுத்தலாம் என்று சொல்லாதே. தாய்மாமன் எங்கே என்று சம்பந்தியம்மா கேட்டால் நீயே பதில் சொல்லு, நான் சொன்ன பொய் போதும். நான் உன்னை மட்டும் குற்றம் சொல்கிறேன் என்று நினைக்காதே. நீ அசிங்கம் என்று எழுதினாய், நான் அதை வாய்விட்டு வாசித்தேன். இரண்டில் எது பெரிது என்று நான் தினமும் யோசிக்கிறேன், நீயும் யோசி.

பத்து நாள் முன்னதாக டிக்கெட் போடு. அதற்குள் அவனை ராஜபாளையத்தில் அவன் வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவார்களாம். நம் வீட்டுக்கு வரும் முன்னால் அங்கே போ. மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகாதே, கையில் எதுவும் கொண்டு போகாதே. உன் மாமா உன்னைப் பார்த்ததும் சிரிப்பான், ஒன்றும் ஆகவில்லை என்பான், அதை நம்பி எழுந்து வந்துவிடாதே. ஆனந்தவல்லி பேசுவதை நின்று முழுசாகக் கேட்டுவிட்டு வா. அதுவரை அவனை வீடியோவில் கூப்பிடாதே, அவன் தன் முகத்தைக் காட்ட விரும்பவில்லை.

தீர்க்க சுமங்கலியாக, பிள்ளை குட்டிகளோடு நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். வயிற்றில் சுமந்தவள், மனசாரத்தான் சொல்கிறேன். வெளியே போகும்போது காதை மூடிக்கொள், பாஸ்போர்ட் தேதியை ஒரு தடவை சரி பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் மாமாவின் அக்கா,
உன் அம்மா,
வெங்கடேஸ்வரி