நான் போட்ட உங்கள் கையெழுத்து

அன்புள்ள என்னங்க,

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள். அவளுக்கு ஒன்றுமில்லை. காருக்குத்தான் உடம்பு சரியில்லை.

எந்தக் கார் என்பீர்கள். உங்கள் பிறந்தநாளன்று காட்டலாமென்று, உங்கள் பெயரிலேயே ரகசியமாக வாங்கிய பழைய கார். இன்று தடுப்பூசி போட்டுத் திரும்பும்போது நடுரோட்டில் நின்றுவிட்டது. பாப்பாவைவிட நான்தான் அதிகம் அழுதேன்.

விற்றவரிடம் வாரண்டி கேட்டேன். “தாராளமா இருக்கும்மா, மாசக் கடைசி வரைக்கும். சார் நேர்ல வந்து, வாங்கும்போது போட்ட அதே கையெழுத்தைப் போடணும். கொஞ்சம் மாறினாலும் இஞ்சினைத் தொட மாட்டோம்” என்றார்.

அந்தக் கையெழுத்தைப் போட்டது நான்.

மாதிரி இத்துடன் இருக்கிறது. கடைசிச் சுழி நாய்வால் மாதிரி மேலே வளையும். அதை மட்டும் நன்றாகப் பழகிக்கொள்ளுங்கள். திட்டுவதை வந்தபிறகு திட்டலாம். சனிக்கிழமை வர முடியுமா? சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி