கரடி சுட்ட ரொட்டி

அன்பு மகளுக்கு, அப்பா சொல்லச் சொல்ல அறைத்தோழர் டிரைவர் எழுதுவது. நான் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா?

பள்ளிக்கூடத்தைப் பெருக்கும்போது டீச்சர் சொல்லும் இங்கிலீஷ் வார்த்தையும் அர்த்தமும் காதில் விழுந்தே எனக்கு மனப்பாடம். படப்புத்தகத்தைப் புரட்டிப் பிள்ளைகளிடம் படிப்பதுபோல ஒப்பிப்பேன். நேற்று இரண்டு தாள் ஒட்டிக்கொண்டது தெரியாமல், கரடிப் படத்தைக் காட்டி, "பேக்கர்னா ரொட்டி சுடுறவர்" என்றேன்.

"கரடியா தாத்தா ரொட்டி சுடுது?" என்றாள் ஒரு வாண்டு. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை.

படிக்கக் கற்றுக்கொண்டேன் என்று போனில் உன்னிடம் சொன்னது பொய், கண்ணு. நீ ஊரெல்லாம் பெருமையாகச் சொன்னதை நினைத்தால் உடம்பே கூசுகிறது. மருமகனுக்குத் தெரியாமல், என் பெயரை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி அனுப்பு. டிரைவர் வேலைக்குக் கிளம்புகிறார். கீழே இருப்பது அப்பாவின் கைநாட்டு.