முத்திரை போட்ட அந்தத் தாள்

அன்புள்ள அப்பாவுக்கு,

அன்புள்ள என்று எழுதிவிட்டேன். பழக்கதோஷம். இப்போது உங்கள் மேல் எனக்கு இருப்பது அன்பு மட்டும் இல்லை. நம் தொடர்மாடியில் இருக்கிற எல்லோரும் வாசிக்கட்டும் என்றுதான் இதை ஊரறிய எழுதுகிறேன்.

நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. வீட்டை என் பெயருக்கு மாற்றப் போனேன். அம்மாவும் இல்லை, உங்களுக்கு நான் ஒரே பிள்ளை. இதில் என்ன சிக்கல் வரப்போகிறது என்று நினைத்தேன். உங்களுக்குப் பிறகு குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளராக வந்த நடராஜா அண்ணன் ஒரு தாளை நீட்டினார்.

"தங்கச்சி, சங்கத்துக்கு மாற்றுக் கட்டணம் கட்டணும். மத்தப் பதினொரு வீட்டுக்காரங்ககிட்டயும் சம்மதக் கையெழுத்து வாங்கணும். ஒருத்தர் போடலைன்னாலும் பேரு மாத்த ஏலாது. அதுவரைக்கும் கூட்டத்துல நீங்க வாயத் தொறக்கவும் ஏலாது."

கீழே சங்கத்தின் முத்திரை, ஊதா மையில். நம் ஆட்களுக்கு இது ஒரு வியாதி அப்பா. தாளில் முத்திரை விழுந்துவிட்டால் போதும், அது அரசாங்கச் சட்டமாகிவிடும். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிற நானும் அதைத் தூக்கிக்கொண்டு மாடி மாடியாக ஏறி இறங்கினேன். வீட்டுக்கு வீடு தேத்தண்ணி குடித்து, பல்லை இளித்து, பத்துக் கையெழுத்துச் சேர்த்தேன்.

மிச்சம் இரண்டாம் மாடி லெட்சுமி அக்கா. அவர் கதவைத் தட்ட எனக்குக் கை வரவில்லை. நடராஜா அண்ணனிடம் சொன்னபோது சிரித்தார்.

"அந்தம்மா போடத் தேவையில்ல. வீடு இன்னும் செத்துப்போன புருஷன் பேருலதானே கெடக்கு, அவங்க எப்படி வீட்டுக்காரி ஆவாங்க? உங்க அப்பா செஞ்ச வேலை உங்களுக்கே வசதியாப் போச்சு பாருங்க."

பழைய கூட்டறிக்கைப் புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன். அந்தக் கையெழுத்து விதியை எழுதியது நீங்கள். மாநகர சபையில் முப்பது வருசம் கோப்பு எழுதிய அதே அழகான எழுத்து. லெட்சுமி அக்காவின் புருஷன் இறந்த அடுத்த மாதக் கூட்டம் அது. வத்தேகமவில் கடை வைத்து, அந்தக் காசில் இந்த வீட்டை வாங்கிய மனிதர். அவர் பெஞ்சாதி பெயருக்கு வீடு மாறக்கூடாது என்று அவசர அவசரமாக ஒரு விதி!

"மடுல்கெல்ல தோட்டத்து லயத்து ஆளுக. எடம் குடுத்தா சொந்தக்காரன் முழுக்க இங்க வந்து குந்துவான்" என்று சாப்பிடும்போது சொன்னீர்களே. நாங்கள் பரம்பரையாகக் கண்டி டவுன் என்றும் சொல்வீர்கள். இந்தப் பெயர் மாற்றத்துக்காக உங்கள் பிறப்புச் சான்றிதழை எடுத்தேன். பிறந்த இடம் மடுல்கெல்ல. அதை மறைக்க ஒரு விதவையின் வயிற்றில் அடிக்க வேண்டுமா? வெட்கமாக இல்லையா உங்களுக்கு?

நாலு வருசம் லெட்சுமி அக்கா அந்தத் தாளோடு நம் வாசலுக்கு வந்தார். எல்லோரும் போட்டார்கள், நீங்கள் மட்டும் போடவில்லை. ஒருநாள் கதிரையில் உட்கார்ந்துகொண்டே, "அப்பா இல்லன்னு சொல்லு" என்றீர்கள். சொன்னேன். உங்கள் செருப்பு வாசலிலேயே கிடந்தது. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "சரிம்மா, பொறகு வர்றேன்" என்று போனார். வீட்டை ஈடு வைத்து மகளைப் படிக்க வைக்க இருந்தாராம். வீட்டு உறுதிப் பத்திரத்தில் அவர் பெயர் இல்லை என்று வங்கி கைவிரித்துவிட்டது. அந்தப் பிள்ளை இப்போது கலகெதரவில் ஒரு உடுப்புக் கடையில் நிற்கிறது.

தாளைச் சட்டத்தரணி ஒருவரிடம் காட்டினேன். "பராமரிப்புக் காசு பாக்கி இல்லைன்னு கடிதம் குடுக்கிறதோட சங்கத்தோட வேலை முடிஞ்சுது. வாரிசுக்கு வீடு வர்றத இவங்க எப்படித் தடுக்க ஏலும்? யாருங்க இத எழுதினது?" என்றார். எங்கள் அப்பா என்றேன்.

அன்றைக்குப் பின்னேரமே லெட்சுமி அக்கா வீட்டுக்குப் போனேன். "அக்கா, கையெழுத்துக் கேட்டு வரல. அந்த விதி செல்லாது. அன்னைக்கு அப்பா வீட்டுலதான் இருந்தாரு."

"தெரியும்மா" என்றார். "தெரிஞ்சுதான் திரும்பத் திரும்ப வந்தேன். ஒரு நாளாவது உங்க வாயில நெசம் வராதான்னு பார்த்தேன்."

அப்பா, நீங்கள் இருந்திருந்தால் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நிறுத்தியிருப்பேன். கோபத்தில் அழுகைதான் வருகிறது.

நேற்று இரண்டு பேருமாகத் தொடர்மாடிகளைப் பார்க்கிற அதிகாரசபைக்குப் போய்ச் சங்கத்தின் மேல் முறைப்பாடு கொடுத்தோம். விதியை எழுதியவர் என்ற இடத்தில் உங்கள் முழுப்பெயரை நானே என் கையால் எழுதினேன். நடராஜா அண்ணன் ஓடிவந்து, "உங்க வேலைதான் முடிஞ்சுதே தங்கச்சி, ஏன் வீண்வம்பு?" என்கிறார். எனக்குக் கடிதம் தயாராம், கையோடு வாங்கிக்கொண்டு போகட்டாம்.

வாங்க மாட்டேன். உங்கள் மேல் ஆணை, லெட்சுமி அக்கா பெயர் உறுதியில் ஏறிய பிறகுதான் என் பெயர் ஏறும். அதற்கு எத்தனை வருசம் போனாலும், நீங்கள் அவரை இருக்க வைத்த அதே இடத்தில் நானும் இருந்து பார்க்கிறேன்.

இப்படிக்கு,
இன்னும் வீட்டுக்காரி ஆகாத உங்கள் ஒரே மகள்
செல்வராணி