இடப்பக்கக் கதவின் இரும்பு

மூத்தவன் காலையிலிருந்து காரைக் குடைந்துகொண்டிருக்கிறான். பழையதைக் கொடுத்துவிட்டுப் புதிது எடுக்கப் போகிறானாம். ரப்பர் விரிப்புகளை எல்லாம் கழற்றி வாசலில் வெயிலில் போட்டிருக்கிறான். அந்தச் சூட்டு வாடை பாயா ரும்புட்டில் இருக்கிற இந்த வீட்டின் சமையலறை வரை வந்து மூக்கில் ஏறுகிறது. "அம்மா, கேசட் பிளேயரைக் கழட்டிக்கலாமா, காரோட விட்டுடணுமா?" என்று என்னைக் கேட்கிறான். கார் ஓட்டத் தெரியாத என்னிடம் கேட்கிறான் பாருங்கள். கேட்க வேண்டிய ஆள் நீங்கள். நீங்கள் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது, அதனால் கேள்வி என்னிடம் வந்திருக்கிறது.

"டயர், ஜாக்கி, திருகு போட்டு முடுக்கினது எல்லாம் காரோட போகணும்டா" என்றேன். "இதெல்லாம் உங்களுக்கு யாரும்மா சொன்னது?" என்று சிரித்தான். தெங்கேராவில் பழைய கார் விற்ற பாய் சொன்னது என்று நான் சொல்லவில்லை. சொன்னால் அந்த இரும்பைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும். அதை உங்களிடம்தான் பேச முடியும்.

அது வெள்ளைக்கார ஆட்சிக்கும் காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கும் சண்டை நடந்த அவசரகாலம். செலண்டார் பக்கத்துத் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நீங்கள் மருந்து கொடுத்துக் கட்டுப்போடுகிற டிரஸ்ஸர். நான் கல்யாணமாகி வந்த புதுசு. தொழிலாளிகளின் லயன் வீடுகளையும் நம் வீட்டையும் சேர்த்து முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். ஆறு மணிக்கு கேட்டைப் பூட்டினால் விடிந்துதான் திறப்பார்கள். காட்டுக்குள் இருக்கிறவர்களுக்கு அரிசி போய்விடக் கூடாதென்று, பால்மரம் வெட்டப் போகிறவர்களின் மடியைக்கூடத் தடவிப் பார்த்தார்கள். நீங்களாவது வைத்தியம் பார்க்க அடுத்த தோட்டங்களுக்குப் போய் வருவீர்கள். எனக்கு அடுப்பு, கிணற்றடி, வேலி. அவ்வளவுதான் உலகம்.

மாதம் ஒரு முறை தெங்கேராவில் இருந்த என் அம்மா வீட்டுக்குக் கூட்டிப் போவீர்கள். அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற நாட்களைப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் அந்தக் கார்! ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரையிடம் நீங்கள் வாங்கியது. குண்டு துளைக்காமல் இருக்க அவர் நாலு கதவுக்கும் உள்பக்கம் இரும்புத் தகடு அடித்திருந்தார். தகடு கண்ணாடியையும் மூடிக்கொண்டு மேலே போகும். வெளியே பார்க்க இரண்டு விரல் அகலத்தில் ஒரு பிளவு. உள்ளே வெந்து வேர்த்து, ஓடுகிற மரங்களை அதன் வழியாகத் துண்டு துண்டாகப் பார்த்துக்கொண்டு போவேன். "இதுக்கு வீட்டுலயே கிடந்து தொலைக்கலாம்" என்று உங்களிடம் கத்தியிருக்கிறேன்.

அந்தக் கனத்தோடு கார் மேடு ஏறவே முக்கியது. மாற்றிவிடலாம் என்றீர்கள். அன்றைக்குப் பாயசம் வைத்தேன், நினைவிருக்கிறதா? இரும்பு தொலைந்தது, இனி ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு காற்று முகத்தில் அடிக்கப் போகலாம் என்று அவ்வளவு சந்தோஷம்.

தெங்கேராவில் பழைய கார் வாங்கி விற்ற அந்தப் பாய், காரை நிதானமாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "தம்பி, ஸ்பேர் டயர், ஜாக்கி, ஹேண்டல் எல்லாம் காரோட இருக்கணும். திருகு போட்டு முடுக்கினதும் காரோடதான். இந்தத் தகடுக்காகத்தான் நான் எடுக்கிறதே. ஜாசின் பக்கம் ஒரு துரை இந்த மாதிரி தேடிக்கிட்டு இருக்காரு லா" என்றார். பதிலுக்கு ஒரு சின்னக் கறுப்புக் காரைக் காட்டினார். நாலு பக்கமும் வெறும் கண்ணாடி. நான் ஏறி உட்கார்ந்தே விட்டேன்.

நீங்கள் விடவில்லை. "ஒரு தகடு மட்டும் எனக்கு வேணும் பாய். இடப்பக்க முன்கதவோடது."

"அதெப்படி தம்பி? ஒரு பக்கம் திறந்து கிடந்தா எந்தத் துரை வாங்குவான்? நான் வேற தகடு அடிச்சுல்ல போடணும்?"

"அப்ப இந்தச் சின்னக் காரோட ஸ்பேர் டயரை நீங்களே வச்சுக்குங்க."

பாய் உங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஸ்பேர் டயர் இல்லாமயா அந்த ரோட்டுல போகப் போறீங்க? உங்க இஷ்டம் லா" என்று கையை விரித்துவிட்டார்.

தோட்டத்துப் பட்டறையில் துளை போட்டு, நான் உட்காரும் கதவில் அந்தத் தகட்டை மாட்டினீர்கள். மறுபடி அதே இருட்டு, அதே பிளவு. அந்த வாரம் முழுக்க உங்களோடு பேசாமல் சோற்றைப் போட்டுத் தட்டை நகர்த்தினேன். உங்கள் பக்கம் வெறும் தகரம்தான் என்பது தெரிந்ததால்தான் அத்தனை கோபம். "உங்களுக்கு இல்லாதது எனக்கு எதுக்கு?" என்று கடைசியில் கேட்டேன். "ஒண்ணுதானே கிடைச்சுச்சு" என்று சொல்லிவிட்டு மருந்துப் புட்டிகளைத் துடைக்கப் போய்விட்டீர்கள்.

அதற்குப் பிறகு கார் எப்போதும் இடப்பக்கம் சாய்ந்தே ஓடியது. அம்மாவைப் பார்த்துவிட்டுத் திரும்பிய ஒரு சாயங்காலம், பால்மரங்கள் அடர்ந்த இடத்தில், அந்தப் பக்கத்துப் பின் டயரே வெடித்தது. மாற்றுவதற்கு வேறு டயர் இல்லை. ஊரடங்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் சாலையில் நிற்பவரைக் காட்டில் இருப்பவர்களும் சுடலாம், பட்டாளமும் சுடலாம்.

"கதவைத் திறக்காத. குனிஞ்சு உட்காரு" என்று சொல்லிவிட்டு இறங்கினீர்கள். நான் பிளவில் கண்ணை வைத்தேன். மரங்கள்தான் தெரிந்தன, நீங்கள் தெரியவில்லை. பின்கண்ணாடி முழுக்கச் செம்மண் புழுதி. காலடிச் சத்தம் பின்பக்கம் போனது, பிறகு அதுவும் நின்றது. "என்னங்க" என்றேன். பதில் இல்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். பதில் இல்லை. எனக்கென்று வைத்த இரும்பு உங்களை என்னிடமிருந்து மறைத்துக்கொண்டு நின்றது. நீங்கள் செத்துக் கிடந்தால்கூட எனக்குத் தெரியாது.

சேலை கியர் கம்பியில் மாட்டிக் கிழிய, உங்கள் இருக்கைக்குத் தாண்டி, உங்கள் கதவைத் திறந்து இறங்கினேன். ஏதாவது வண்டி வருகிறதா என்று வளைவு வரை போய்ப் பார்த்துவிட்டு நீங்கள் திரும்பி வந்துகொண்டிருந்தீர்கள்.

"உனக்கென்ன பைத்தியமா? உள்ள போ!"

"போக மாட்டேன். உள்ள இருந்தா நீங்க இருக்கீங்களா இல்லையான்னே தெரியலை."

"அது உனக்காகத்தானே போட்டது!"

"எனக்காகன்னா உங்க பக்கத்துல நிக்க விடுங்க."

உங்கள் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றேன். போலீஸ் லாரி வந்து நம்மை ஏற்றிக்கொள்ளும்வரை அப்படியே நின்றோம். அத்தனை நேரமும் எனக்குப் பயமே இல்லை என்றால் நம்புவீர்களா?

டயருக்கு ஒட்டுப் போட்டு, தகட்டைக் கழற்றிக்கொண்டு தெங்கேராவுக்குப் போனீர்கள். பாயிடம் இரும்பைக் கொடுத்துவிட்டு ஸ்பேர் டயரோடு வந்தீர்கள். "நீ இறங்கி வந்துதான் நிப்பேன்னா அப்புறம் இரும்பு எதுக்கு?" என்றீர்கள். அதன் பிறகு வேலி இருந்த காலத்திலும், வேலி போன பிறகும், கண்ணாடியை இறக்கிவிட்டே போனோம்.

நீங்கள் திருந்திவிட்டீர்கள் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். கடைசியில் ஆஸ்பத்திரியில் மூச்சுத் திணறியபோது மூத்தவனிடம் சொன்னீர்களாமே: "அம்மா இதெல்லாம் பார்க்க வேணாம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடு." எனக்கு அது அப்போது தெரியாது. டாக்டர் போகச் சொன்னார் என்று சொல்லித்தான் அவன் அழைத்து வந்தான். திருட்டுப் பயமென்று கிரில் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, அவன் மட்டும் உங்களிடம் திரும்பினான். ஜன்னலுக்கு ஜன்னல் கம்பி போட்ட இந்த வீட்டில் உங்களுக்குக் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தேன். கஞ்சி ஆறுவதற்குள் போன் வந்துவிட்டது.

நாம் எவ்வளவு ஒற்றுமையாக வாழ்ந்தோம் என்று பிள்ளைகள் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்கள். உங்கள் மேல் எனக்கு இருக்கிற கோபம் அவர்களுக்குத் தெரியாது. அதை யாரிடமும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன். என்னை விட்டிருந்தால் வந்து பக்கத்தில் நின்றிருப்பேன். அது தெரிந்துதான் அனுப்பிவிட்டீர்கள்.