முதல் முடி வெட்டியவள்

லா பாஸ்
8 ஜூன் 1986

அன்புள்ள அம்மாவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். கூட்டிப்போக வருகிறேன் என்று சொன்ன, இங்கே வீட்டு வேலை பார்க்கும் நம் ஊர் எர்மினியா அக்கா வரவே இல்லை. பேருந்து நிலையத்தில் மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேவிட்டேன்.

அப்போது ஒரு அம்மா வந்து என் சால்வையைத் தொட்டுப் பார்த்தார். "ஏரிக்கரைப் பொண்ணுதானே நீ? என்னத் தெரியலையாடி? உனக்கு முதல் முடி வெட்டுனதே நாந்தான். என்னா அழுகை அழுத!" என்றார்.

"போர்துனாத்தா ஞானத்தாயா? சுரங்க ஊருக்குக் குடிபோனவங்களா?" என்று கேட்டேன்.

"பின்ன வேற யாரு?" என்று கட்டிக்கொண்டார்.

எனக்கு முகமே நினைவில்லாத ஞானத்தாய், அம்மா! சுடச்சுட சூப் வாங்கிக் கொடுத்தார். அவர் வீட்டிலேயே வேலை இருக்கிறதாம். அடையாள அட்டையைப் பத்திரமாக வைப்பதாகச் சொல்லி வாங்கிக்கொண்டார். நம் வழக்கத்தில் முதல் முடி வெட்டியவர்தானே ஞானத்தாய், இன்னொரு அம்மா மாதிரி; அவர் கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? அஞ்சல் பெட்டி 2217-க்கு எழுது.

உன் மகள்,
நியேவெஸ்

காலாபம்பா
17 ஜூன் 1986

என் தங்கமே நியேவெஸ்,

உன் தங்கை சபீனா உன் கடிதத்தைப் படித்துக் காட்டினாள். போர்துனாத்தா இதோ என் அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறாள். சுரங்கத்தை மூடிவிட்டதால் நீ கிளம்பிய மறுநாள் ஊர் திரும்பினாள். "ஐயோ, எம் பேரச் சொல்லியா புள்ளயக் கூட்டிட்டுப் போனா?" என்று தலையில் அடித்துக்கொள்கிறாள்.

அந்தப் பேரை எடுத்துக் கொடுத்ததே நீதானடி. முதல் முடி வெட்டும்போது எந்தக் குழந்தைதான் அழாது? எர்மினியாவை எஜமானி நேரத்துக்கு விடவில்லை. அவள் வந்து உன்னைத் தேடியிருக்கிறாள்.

அட்டை போனால் போகட்டும். கட்டிய துணியோடு வெளியே வந்துவிடு.

உன் அம்மா,
கிரெகோரியா

லா பாஸ்
30 ஆகஸ்ட் 1986

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் கடிதம் எதுவும் கிடைக்கவில்லை. இங்கே சாப்பாட்டுக்குக் குறைவில்லை. சபீனாவையும் அனுப்பி வையுங்கள்.

சனிக்கிழமைகளில் ஏரிக்கரைப் பேருந்துகளுக்கு இப்போது நான்தான் போகிறேன். தனியாக இறங்கும் பெண்களிடம் நம் மொழியில் இரண்டு வார்த்தை பேசினால் பயம் தெளிந்து கூடவே வந்துவிடுகிறார்கள். ஞானத்தாய்க்கு என்மேல் திருப்தி.

இப்படிக்கு,
நியேவெஸ்

காலாபம்பா
9 செப்டம்பர் 1986

கண்ணே நியேவெஸ்,

கையெழுத்து உன்னுடையதுதான். அதுதான் என்னைக் கொல்கிறது. சபீனாவை அனுப்பமாட்டேன்.

போலீசில் போய்ச் சொன்னோம். "நல்லாருக்கேன்னு பொண்ணே எழுதிருக்குல்ல? வீட்டுக்குப் போ கெழவி" என்றார்கள். உன் முகவரியோ வெறும் அஞ்சல் பெட்டி. அதற்குத் தட்டுவதற்குக் கதவு ஏது?

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ கூட்டிப்போன பெண்களின் அம்மாக்களை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை.

நான் வருகிறேன். எந்தச் சனிக்கிழமை என்று எழுதமாட்டேன், இதை முதலில் பிரிப்பது யார் என்று எனக்குத் தெரியும். என் வயதுக்காரியை அங்கே யாரும் சீந்தமாட்டார்கள். நீ எந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாலும் நடுவில் வந்து நிற்பேன்.

அப்போது என்னைத் தெரியாது என்று மட்டும் சொல்லிவிடாதே.

உன் அம்மா,
கிரெகோரியா