ஏழாம் நம்பர் பெட்டி

மார்ச் 3
கப்பலிலிருந்து

அன்புள்ள அண்ணிக்கு,

அண்ணன் இறந்துபோன இந்த ஐந்து மாதத்தில் நான் எழுதும் முதல் கடிதம். நடுக்கடலில் மாட்டிக்கொண்டேன், வர முடியவில்லை என்பதை எந்த முகத்தோடு எழுதுவது என்று எழுதாமலே இருந்துவிட்டேன். திட்டை நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

உங்கள் பட்டறையின் ஏழாம் நம்பர் சோதனைப் பெட்டி எங்கள் கப்பலுக்குத்தான் வந்திருக்கிறது. அண்ணன் கடைசியாகச் செய்தது என்று எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன். ஆனால் ராடாரின் எந்தச் சர்க்யூட் கார்டைச் சோதித்தாலும் சிவப்பு விளக்குதான் எரிகிறது. பிரிக்காத புதுக் கார்டுக்கும் சிவப்பு. "உங்க அண்ணன் பெட்டிக்கு எதுவுமே பிடிக்காதா?" என்கிறார் அதிகாரி. 25ஆம் தேதிக்குள் ரிப்போர்ட் போக வேண்டும். பெட்டி தப்பு என்று எழுதினால், சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட அண்ணன் பெயரும் அதில் போகும். மற்றக் கப்பல்களில் இருக்கும் அவருடைய ஆறு பெட்டிகளையும் இறக்கிவிடுவார்கள்.

அண்ணன்தானே கடைசியாகச் சரிபார்த்தார்?

உங்கள் கொழுந்தன்


மார்ச் 9

கப்பல்காரத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்ததும் பட்டறையில் எல்லோருக்கும் காட்டினேன். திட்டு வட்டியோடு இருக்கிறது, வா.

உன் அண்ணன் பெட்டி குறை சொன்னால் குறை இருக்கும். அந்த மனுஷனைப் போலத்தான் அதுவும். நான் வைக்கும் சூப்பில் தினமும் குறை கண்டுபிடித்துவிட்டு இரண்டு கிண்ணம் குடிப்பார். நீ உன் கப்பலைப் பார். பெட்டி சரியா என்று பார்க்க உள்ளேயே ஒரு செக் பிளக் வைத்து அனுப்பியிருக்கிறோமே, கார்டுக்குப் பதில் அதைச் சொருகு. பச்சை எரிந்தால் பெட்டி நல்ல பெட்டி, ஓட்டை உன் கப்பல்தான்.

இங்கே எட்டாம் நம்பர் ஆரம்பித்தாயிற்று. சாலிடரைச் சோதிக்கும் பெண்ணுக்கு நாங்கள் பூதக்கண்ணாடி என்று பேர் வைத்தது தெரிந்துபோய் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் என் வேலையில் நான்கு குறை கண்டுபிடித்தாள். சமாதானம் ஆகிவிட்டோம்.

வேளைக்குச் சாப்பிடு.

அண்ணி


மார்ச் 14

அண்ணிக்கு,

செக் பிளக் போட்டேன். பச்சை. கப்பல் கார்டைச் சொருகினால் சிவப்பு. பக்கத்துக் கப்பலில் ஒழுங்காக ஓடும் கார்டை இரவல் வாங்கி வந்தும் பார்த்தேன். அதற்கும் சிவப்பு.

என் கேள்விக்கு நீங்கள் பதில் எழுதவில்லை. இன்னொன்று. அண்ணன் பேனா பிடித்தால் உளி பிடித்த மாதிரி. தாளின் மறுபக்கம் தடவினால் எழுத்து கையில் படும். பெட்டியோடு வந்த, அவர் கையெழுத்துள்ள சோதனைத் தாளின் மறுபக்கம் வழவழவென்று இருக்கிறது.

ரிப்போர்ட்டை நான் இன்னும் எழுதவில்லை.

கொழுந்தன்


மார்ச் 18

தம்பி,

அந்தக் கையெழுத்து நான் போட்டது.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். கார்டைச் சொருகும் கேபிள் பிளக் ஒன்றுதான் பாக்கி. "பெட்டி போயிடுச்சா?" என்று தினமும் கேட்பார். போய்விட்டது என்று ஒரு நாளாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. சொன்னேன். சிரித்தார்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நேற்று அவர் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தேன். உட்கார்ந்ததும் புரிந்துவிட்டது. நாங்கள் எப்போதும் மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருப்போம். பிளக்கின் முகம் அவர் பக்கம், முதுகு என் பக்கம். முகத்தில்தான் நம்பர் உண்டு. அவர் இடது கோடியிலிருந்து எண்ணிச் சொல்லுவார், நான் முதுகில் என் வலது கோடியிலிருந்து வயரைப் பற்றவைப்பேன். அவர் இல்லாத அந்த வாரம் நான் அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். பிளக்கின் முதுகை என் பக்கம் திருப்பிக்கொண்டேன். ஆனால் அவரை மாதிரியே இடமிருந்து எண்ணினேன். பன்னிரண்டு வயரும் தலைகீழ்.

செக் பிளக் ஏன் பச்சை காட்டியது தெரியுமா? அதையும் நானே அதே நாற்காலியில் கட்டினேன். தப்பும் தப்பும் கைகோத்துக்கொண்டன. "கட்டுற கையும் பாக்குற கையும் ஒண்ணா இருக்கக் கூடாது" என்பது அவர் வைத்த சட்டம். அதை மீறியது நான்தான்.

முதல் வயரைக் கழற்றிக் கடைசி இடத்தில் வை, இரண்டாவதைக் கடைசிக்கு முந்தினதில். அப்படியே பன்னிரண்டும். செக் பிளக்கை மட்டும் நீ தொடாதே, வேறொருவரைக் கட்டச் சொல்.

ரிப்போர்ட்டில் என்னை எழுது. அவர் பெயர் கெடக் கூடாது. வேலை போனாலும் பரவாயில்லை, மேனேஜரிடம் நாளைக்கு நானே சொல்லிவிடுகிறேன்.

அஞ்சாம் கிளாஸ் படித்தவள் பெரிய மனுஷன் கையெழுத்தைப் போடப் போனேன் பார்.

அண்ணி


மார்ச் 26

அன்புள்ள அண்ணிக்கு,

வயர்களை நான் மாற்றினேன். செக் பிளக்கைக் கட்டியது எங்கள் சமையல்காரர். தன் ரேடியோவைத் தானே ரிப்பேர் செய்கிறவர், சாலிடர் நன்றாக வருகிறது. சோறுதான் வரவில்லை.

வரிசையாகப் பச்சை. நான்காவது கார்டுக்கு மட்டும் சிவப்பு. ஐயோ என்று லென்ஸ் வைத்துப் பார்த்தேன். முடியைப் போல ஒரு விரிசல். மூன்று மாதமாக எங்கள் ராடார் விட்டுவிட்டு வேலை செய்ததற்குக் காரணம் அதுதான்.

அண்ணன் அன்று சரிபார்க்கவில்லை என்று உள்ளது உள்ளபடி எழுதிவிட்டேன். ரிப்போர்ட்டில் பிழை செய்தவர் என்று ஒரு கட்டம், கண்டுபிடித்தவர் என்று ஒரு கட்டம். இரண்டிலும் உங்கள் பெயர். அதிகாரி படித்துவிட்டு, "ரெண்டும் ஒரே ஆளா? அப்ப இந்தம்மாவை விட்டுடாதீங்கன்னு பட்டறைக்கு எழுதுங்க" என்றார். ஆறு பெட்டிகளும் கப்பல்களிலேயே இருக்கும்.

அடுத்த மாதம் லீவு. திட்டைத் தயாராக வையுங்கள்.

கொழுந்தன்


ஏப்ரல் 4

தம்பிக்கு,

மேனேஜர் கத்தவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "ஏம்மா, ஒரு பெட்டி லேட்டானா லேட்டாயிட்டுப் போகுது. எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?" என்றார். இந்த வாரம் உங்கள் அதிகாரியின் கடிதம் வந்ததும் கூப்பிட்டுக் காட்டினார்.

எட்டாம் நம்பர் முடிந்தது. நான் என் பக்கமே உட்கார்ந்தேன். அவர் நாற்காலியில் பூதக்கண்ணாடியை உட்காரச் சொன்னேன். தயங்கினாள். "உட்காருடி, அது உன்னைக் கடிக்காது" என்றேன். அவள் எண்ணிச் சொன்னாள், நான் பற்றவைத்தேன். செக் பிளக் அவளே கட்டியது. ஒன்பது என்று அவள் சொன்ன மாத்திரத்தில் அவர் குரல் மாதிரி இருந்தது. அடுத்து பத்து என்றாள். இல்லை, அவள் குரல்தான்.

தாளில் கட்டியவர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டேன். கோணல்மாணலாக வந்தது. ஆனால் நன்றாக அழுத்திப் போட்டேன். மறுபக்கம் தடவிப் பார்த்தேன், கையில் படுகிறது.

சூப் வைக்கிறேன், வந்து குறை சொல்லு.

அண்ணி