தங்கச்சிக்கு வந்த வேலை

லிந்துலை
12.10.2008

அன்பு மகன் திலக்ஷனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாரியம்மா புண்ணியத்தில் இங்கே எல்லாரும் சுகம், அந்த லண்டன் குளிரில் உனக்கும் ஒரு நோவும் வரக்கூடாது என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். மழை விடவில்லை. லயத்து வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று அப்பா தகரம் போட ஏறினார், வேண்டாம் என்றால் கேட்கிற மனுசனா அவர்.

மகனே, உனக்கு வேலை போனது எங்களுக்குத் தெரியும். தங்கச்சி லோஜினிதான் சொன்னாள். கொழும்பில் அவள் சேர்ந்த கம்பெனி உங்கள் இன்சூரன்ஸ் கம்பெனிக்குத்தான் வேலை செய்து கொடுக்கிறது என்று சேர்ந்த பிறகு தெரிந்ததாம். "அம்மா, அண்ணனுக்கும் எனக்கும் ஒரே எடத்து வேல, தீவாளிக்கு அண்ணன்கிட்ட நானே சொல்றேன், அதுவரைக்கும் வாயத் தொறக்காதீங்க" என்று குதித்தாள். நானும் கோவிலில் பொங்கல் வைத்து, பக்கத்து வீட்டு பூரணிக்கெல்லாம் கொடுத்தேன். உன் வேலைதான் கடல் தாண்டி அவளிடம் வருகிறது என்று யாருக்குப் புரிந்தது?

வேலை பழக்க லண்டனிலிருந்து ஒருவர் கம்ப்யூட்டர் வழியாகப் பேசுவார் என்று எல்லாரையும் உட்கார வைத்தார்களாம். பேசினது நீ. எல்லாரும் பேர் சொல்லும்போது இவளும் சொல்ல, நீ பேரைத் திரும்ப ஒருதரம் கேட்டுவிட்டு, வேற்றாள் மாதிரி இங்கிலீஷில் வரவேற்று வேலையைச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினாயாம். அண்ணன் பெரிய ஆளாகிவிட்டான், அதனால்தான் படிப்பிக்கிறான் என்று அப்போதும் அவளுக்குப் பெருமைதான். சாயந்திரம் உனக்குப் போன் எடுத்தாளாம், நீ எடுக்கவில்லை. பழக்கின கடைசி நாள் கூட இருந்த பிள்ளை ஒன்று, இனிமேல் சந்தேகம் வந்தாலும் உங்களைக் கேட்கலாமா என்று கேட்டதற்கு, எங்கள் பகுதியையே இன்றோடு மூடுகிறார்கள், நாங்கள் யாரும் இருக்கமாட்டோம் என்றாயாம்.

அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். "அண்ணன் சோத்தப் புடுங்கி நான் திங்க மாட்டேன்" என்று மூலையில் உட்கார்ந்தவள்தான். அப்பா எவ்வளவோ சொன்னார். "நம்ம தேயில பெக்டரிய மூடிட்டு கொழுந்த அடுத்த தோட்டத்துக்கு லொறியில ஏத்துனாங்களே, அங்க வேல செய்றவங்க மேல எனக்குக் கோவம் வந்துச்சா? மூடுனவன் வேற. நீ எந்திரிச்சு வந்தா அண்ணனுக்கு அந்த நாற்காலி கெடச்சிருமா?" என்றார். சொல்லிவிட்டு மழையில் போய் வாசலில் நின்றார். அவள் அசையவில்லை.

போன வியாழக்கிழமை நீ போனில் பேசியபோது அவள் என் பக்கத்தில்தான் இருந்தாள். நல்லா இருக்கேம்மா, வேலைதான் கொஞ்சம் கூட என்றாய். நானும் ஒன்றும் தெரியாதவள் மாதிரி சாப்பிட்டாயா என்றேன். வைக்கப் போகும்போது சொன்னாய், "லோஜினி வெரசா புடிச்சிக்கிறாம்மா, கெட்டிக்காரி, எது வந்தாலும் வேலைய விட வேணாம்னு சொல்லுங்க." அவளுக்கும் கேட்டது. முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு எழுந்துபோய்த் துணியைத் துவைத்தாள்.

இன்று காலை தலவாக்கலை ஸ்டேஷனில் அவளைக் கொழும்புக் கோச்சி ஏற்றிவிட்டு வந்துதான் எழுதுகிறேன். ஒரு பிள்ளை எழுந்த இடத்துக்கு இன்னொரு பிள்ளையை நானே அனுப்பி வைத்தேனே மகனே, இது என்ன காலம்? சந்தோஷப்படவும் முடியவில்லை, வேண்டாம் என்று தடுக்கவும் முடியவில்லை. நீ அவள்மேல் வருத்தப்படவில்லை என்று தெரியும், அதை அவளிடம் நீயே ஒரு வார்த்தை சொல்லிவிடு.

வேறு வேலை கிடைக்கும், தேடு. கிடைக்கத் தாமதமானால் வந்து கொஞ்ச நாள் இரு, ஊர் என்ன சொல்லும் என்று பார்க்காதே. நேரத்துக்குச் சாப்பிடு, குளிர்ச் சட்டை போடாமல் வெளியே போகாதே. அம்மன் உன்னைக் கைவிடமாட்டாள், அப்பாவும் நானும் மனதார ஆசீர்வதிக்கிறோம். இனிமேல் எங்களுக்குப் போன் எடுத்தால் பொய் சொல்லாதே அப்பன், அழ வேண்டுமென்றால் என்னிடம் அழு.

உன் அம்மா
வீரம்மா